இன்ன பிற

1554 மார்ச் 17-ம் தேதி லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் இருபது வயதுப் பெண்ணொருத்தி தன் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அக்கா நாட்டின் ராணி, மேரி. தாமஸ் வயட் நடத்தித் தோற்ற கலகத்தில் தங்கைக்கும் பங்குண்டு என்று சந்தேகம். டவருக்குக் கொண்டுபோகப் படகு காத்திருந்தது. பதினெட்டு வருஷங்களுக்கு முன் தங்கையின் தாய் ஆன் பொலினின் தலை வெட்டப்பட்ட இடம் அந்த டவர்தான். காவலுக்கு வந்த பிரபுக்கள் இருவரில் ஒருவர் எழுத அனுமதித்தார். அவள் நிதானமாக எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் தேம்ஸில் ஓதம் மாறிவிட்டது. லண்டன் பாலத்தின் அடியில் படகு போக முடியாது. ஒரு நாள் கிடைத்தது. மறுநாள் மழையில் கொண்டுபோனார்கள்.

அந்தக் கடிதத்தின் நிழற்படப் பிரதியை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் சில வரிகளோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அடியில் இன்னும் ஒரு வாக்கியமும் கையெழுத்தும். நடுவே பெரிய வெற்றிடம். அந்த இடம் முழுக்க அவள் சாய்வாகக் கோடுகள் இழுத்திருக்கிறாள். வேறு யாரும் அங்கே தன் கையெழுத்தைப் போல எழுதி எதையும் நுழைத்துவிடக்கூடாது என்பதற்காக. எழுதுகிறவர்கள் இந்தக் கோடுகளைக் கொஞ்சநேரம் பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் மற்றவர்கள் என்னவெல்லாம் எழுதக்கூடும் என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்ட கை அது.

நாலரை வருஷம் கழித்து, 1558 நவம்பர் 17-ல் மேரி இறந்து எலிசபெத் ராணியானாள். புது அரசியின் பட்டங்களைச் சொல்லிப் பிரகடனம் வெளியாயிற்று. இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து நாடுகளின் ராணி, விசுவாசத்தின் காவலர், அதன்பின் ஒரு 'இன்ன பிற'. தகப்பன் எட்டாம் ஹென்றியின் பட்டங்களில் இந்த இடத்துக்கு அப்பால் 'திருச்சபையின் தலைவர்' என்பது இருந்தது. மேரி அதை உதறியிருந்தாள். மகள் அதை எழுதினால் ரோமோடு சண்டை. எழுதாமல் விட்டால் ரோமுக்குப் பணிவு. அவள் 'இன்ன பிற' என்று போட்டாள். சட்ட வரலாற்றாசிரியர் மெய்ட்லண்ட் 1900-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். முன்பு வெற்றிடத்தைக் கோடுபோட்டு அடைத்தவள் இப்போது வெற்றிடத்தைத் திறந்து வைக்கிறாள். ஏன் என்பது கடினமான கேள்வியில்லை. இனி அதில் எழுதும் உரிமை அவளுடையது.

எங்கள் பள்ளிச் சரித்திரப் புத்தகம் எலிசபெத்தை ஒரு பத்தியில் முடித்துவிடும். ரோமுக்கும் ஜெனீவாவுக்கும் நடுவே ஒரு பாதை போட்டாள், 1588-ல் ஸ்பெயினின் கப்பற்படை தோற்றது, ஷேக்ஸ்பியர் எழுதினான், நாடு செழித்தது. நடுப்பாதை என்ற சொல்லை அப்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். இப்போது அது சரியான சொல்லாகப் படவில்லை. பாதையில் நடக்கிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும். எலிசபெத் செய்து கொடுத்தது ஒரு வாக்கியத்தை. அதை எந்தப் பக்கத்திலிருந்தும் வாசிக்கலாம்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. எங்கள் வட்டத்தில் பல வருஷங்களாக இருண்மை பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். கவிதை ஒரே அர்த்தத்தில் தீர்ந்துபோனால் அது மேடைப்பேச்சு என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். எம்ஸனின் 1930-ம் வருஷத்துப் புத்தகத்தைக் கடன் வாங்கிப் படித்துவிட்டு ஏழுவகைப் பொருள்மயக்கத்தையும் எட்டுத்தொகையில் தேடியவர்கள் நாங்கள். ஒற்றை அர்த்தம் அதிகாரத்தின் மொழி, பல அர்த்தம் அதற்கெதிரான மொழி என்று ஒரு கணக்கு எனக்குள் ஏறக்குறைய மதநம்பிக்கை மாதிரி இருந்து வந்தது. எலிசபெத்தைப் படிக்கப் படிக்க இந்தக் கணக்கு உதைக்கிறது.

அவள் இந்த மொழியைக் கற்றது பலவீனமான ஸ்திதியில்தான். மேரியின் ஆட்சியில் பூசைக்கு வராத தங்கை என்றால் துரோகி என்று அர்த்தம். 1553 செப்டம்பரில் முதல் பூசைக்குப் போனபோது வழியெல்லாம் வயிற்றுவலி என்று முனகிக்கொண்டு போனாளாம். போகவும் செய்தாள், போவதில் மனமில்லை என்று தெரியவேண்டியவர்களுக்குத் தெரியவும் செய்தாள். பிற்பாடு அவளுக்கு நாற்பது வருஷம் மந்திரியாக இருந்த வில்லியம் ஸெஸிலும் அந்த வருஷங்களில் பூசை கண்டவன்தான். இரவில் வந்து இயேசுவைப் பார்த்த நிக்கொதேமுவின் பெயரால் இத்தகையவர்களை நிக்கொதேமியர் என்று கால்வின் ஏசினான். 1555-லிருந்து 1558 வரை மேரி ஏறத்தாழ 280 பேரை உயிரோடு எரித்தாள். அவர்கள் ஒற்றை அர்த்தத்தில் பேசியவர்கள். அவர்கள் எரிந்த பிறகு வந்த பிராட்டஸ்டண்டு அரசு நிக்கொதேமியர்களின் அரசு. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. எரியாமல் மிஞ்சியவர்கள்தானே ஆளமுடியும்?

1559-ல் பார்லிமெண்டு கூடியது. திருச்சபையின் 'தலைவர்' என்பதற்குப் பதில் 'உச்ச ஆளுநர்' என்று ஒரு சொல் கண்டுபிடித்தார்கள். பெண் எப்படித் தலையாக முடியும் என்று கேட்ட கத்தோலிக்கனுக்கும், கிறிஸ்துவைத் தவிர வேறு தலை எது என்று கேட்ட கால்வின் சீடனுக்கும் சேர்த்து ஒரே பதில். ஜெபபுத்தகச் சட்டம் பிரபுக்கள் சபையில் 21-க்கு 18 என்று மூன்றே ஓட்டில் தேறியது. வந்திருந்த பிஷப்புகள் எல்லோரும் எதிர்த்து ஓட்டளித்தார்கள். மேலும் இருவர் அப்போது டவரில் அடைபட்டிருந்தார்கள். நடுப்பாதை என்று பாடப்புத்தகம் சொல்லும் சமரசம் இப்படித்தான் பிறந்தது.

ஆனால் அந்தப் புத்தகத்தில் அப்பம் கொடுக்கும் இடத்தைப் பார்த்தால் தொழில் தெரிந்தவனுக்குப் பொறாமையாக இருக்கும். எட்வர்டின் ஆட்சியில் இரண்டு ஜெபபுத்தகங்கள் வந்திருந்தன. 1549-ம் வருஷத்துப் புத்தகத்தில் குரு அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லிக் கொடுப்பார். 1552-ல் அதை அடித்துவிட்டு, கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைத்து இதைப் புசி என்று மட்டும் வைத்தார்கள். முதலாவதில் அப்பம் அவருடைய சரீரம். இரண்டாவதில் அப்பம் ஞாபகம். இந்த இரண்டுக்கும் நடுவே ஐரோப்பாவில் எத்தனை ஊர்கள் பற்றி எரிந்தன! 1559-ல் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டார்கள். குரு முழுவதையும் சொல்வார். மண்டியிட்டவன் தனக்கு வேண்டிய பாதியைக் கேட்டுக்கொள்ளலாம். புதிதாக ஒரு சொல் எழுதப்படவில்லை. வெட்டி ஒட்டியதுதான். வாசகனை நம்பிய எழுத்து என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. 1563-ல் மதக்கொள்கைகளைத் தொகுத்தபோதும் இதே கை தெரிகிறது. துன்மார்க்கர் அப்பத்தைத் தின்றாலும் கிறிஸ்துவை உண்பதில்லை என்ற 29-வது பிரிவை அவள் நீக்கிவிட்டாள். 1571-ல்தான் அது திரும்ப வந்தது.

இதன் பலனைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் 1562-ல் மதயுத்தம் தொடங்கி 1598 வரை ஓயவில்லை. 1572 ஆகஸ்டில் பாரிஸ் தெருக்களில் நடந்த கொலை உலகமறிந்தது. இங்கிலாந்தில் ஆட்சியின் முதல் பத்து வருஷம் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் 12 பென்ஸ் அபராதம். அதையும் பல ஊர்களில் கண்டிப்பாக வசூலிக்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், வாயில் அப்பம் வைக்கும்போது மனதில் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. மனிதரின் நெஞ்சில் ஜன்னல் வெட்ட அவள் விரும்பவில்லை என்பார்கள். அவளே சொன்ன வாக்கியம்போல எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். அது பிரான்ஸிஸ் பேக்கன் அவள் கொள்கையை விளக்கி எழுதியது. ஒரு நல்ல உருவகம் எப்போதும் ராணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தெளிவாகப் பேச விரும்பியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பியூரிட்டன்கள் அவள் சொந்தக் கோயிலில் இருந்த வெள்ளிச் சிலுவையையும் மெழுகுவர்த்திகளையும் பார்த்துப் பதறினார்கள். ஆர்ச்பிஷப் கிரின்டல், குருமார் கூடி வேதம் விவாதிக்கும் கூட்டங்களை அடக்க மறுத்து, நீயும் ஒருநாள் சாகப்போகிறவள்தான் என்ற பொருள்பட 1576-ல் அவளுக்குக் கடிதம் எழுதினார். 1577-ல் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாள். 1583-ல் சாகும்வரை ஆர்ச்பிஷப் என்ற பெயர் இருந்தது, அதிகாரம் இல்லை. இதுவும் ஒருவகை 'இன்ன பிற'. கத்தோலிக்கப் பக்கம், 1568-ல் ஸ்காட்லாந்து மேரி அடைக்கலம் தேடி வந்து அடுத்த பத்தொன்பது வருஷமும் கைதியாக இருந்தாள். 1569-ல் வடக்கே இரண்டு பிரபுக்கள் எழுந்து டர்ஹம் பேராலயத்தில் ஜெபபுத்தகத்தைக் கிழித்துப் பூசை வைத்தார்கள், நூற்றுக்கணக்கில் தூக்கு. 1570 பிப்ரவரி 25-ல் போப் ஐந்தாம் பயஸ் அவளைப் பதிதை என்று அறிவித்து, குடிமக்களை விசுவாசப் பிரமாணத்திலிருந்து விடுவித்து ஆணை வெளியிட்டார். அது முழுக்க முழுக்க ஒற்றை அர்த்தம். அன்றிலிருந்து ஒவ்வொரு கத்தோலிக்கனின் மௌனமும் இரண்டு அர்த்தம் உடையதாயிற்று.

1579-ல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராஜகுமாரன் ஆன்ஜூ பிரபுவை அவள் மணக்கக்கூடாது என்று ஜான் ஸ்டப்ஸ் என்ற பியூரிட்டன் ஒரு பிரசுரம் போட்டான். கத்தோலிக்கன் அல்ல, அவளுக்காக உயிரை விடக்கூடியவன். அவன் வலது கையை வெட்டத் தீர்ப்பாயிற்று. சட்டம் எது? மேரி தன் ஸ்பானியக் கணவனைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம். அவளோடு அது செத்துவிட்டது என்று வாதாடிய வக்கீலைச் சிறையில் போட்டார்கள். மேடையில் நின்ற ஸ்டப்ஸ் துன்பம் கைக்கு எட்டிவிட்டது, எனக்காக ஜெபியுங்கள் என்றானாம். காளமேகம் கூட அந்த நிலைமையில் சிலேடை சொல்லியிருப்பானா என்பது சந்தேகம். கை விழுந்ததும் இடது கையால் தொப்பியைக் கழற்றி ராணி வாழ்க என்றான். வரலாற்றாசிரியர் காம்டன் அங்கே நின்று பார்த்தவர். கூட்டம் பேச்சற்று நின்றது என்று எழுதி, தண்டனையின் கோரத்தாலோ, அவன்மீது இரக்கத்தாலோ, அந்தக் கல்யாணத்தின் மீதிருந்த வெறுப்பாலோ என்று மூன்று காரணம் சொல்லி, எது என்று தீர்க்காமல் விடுகிறார். ராணியின் வாக்கியத்தை ஜனங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

1587 இன்னும் மோசம். ஸ்காட்லாந்து மேரிக்கு மரணதண்டனை தீர்ப்பாகிவிட்டது. கையெழுத்துப் போடும்படி பார்லிமெண்டு கெஞ்சியபோது எலிசபெத் கொடுத்த பதிலை அவளே பதிலற்ற பதில் என்றாள். பிப்ரவரி 1-ல் கையெழுத்தும் போட்டாள். அதே சமயம், மேரியின் காவலாளி பாலட் சத்தமில்லாமல் காரியத்தை முடித்தால் நல்லது என்று அவனுக்குக் கடிதம் போகச் செய்தாள். பாலட் கடுமையான பியூரிட்டன். மனசாட்சி இடம் கொடாது என்று மறுத்துவிட்டான். செயலாளர் டேவிஸன் கையில் கையெழுத்திட்ட ஆணை இருந்தது. அதை அனுப்பு என்று அவள் சொன்னாளா, வைத்திரு என்று சொன்னாளா? மந்திரிசபை அனுப்பியது, பிப்ரவரி 8-ல் தலை விழுந்தது. டேவிஸன் டவருக்குப் போனான், 10,000 மார்க் அபராதம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டுக்கும் ஆள் வேண்டும். அவள் ஓர் அர்த்தத்தை வைத்துக்கொண்டு, மற்றதை டேவிஸனிடம் கொடுத்துவிட்டாள்.

சேசு சபைப் பாதிரிகளின் கதைக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எட்மண்ட் காம்ப்பியன் 1566-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ராணியின் முன்னிலையில் வாதம் செய்து பாராட்டுப் பெற்றவன். சந்திரனால் கடலில் ஓதம் ஏறுகிறது என்பது விஷயம். கத்தோலிக்கனாகி, பாதிரியாகி, 1580-ல் மாறுவேஷத்தில் திரும்பி வந்தான். வரும்போது புதுப் போப் கிரெகரியிடமிருந்து ஒரு சலுகை: 1570-ம் வருஷத்து ஆணை 'இப்போதைய நிலைமையில்' இங்கிலாந்துக் கத்தோலிக்கரைக் கட்டுப்படுத்தாது. இரக்கம் காட்டவே சேர்த்த சொற்கள். ஆனால் இவை ரோமின் 'இன்ன பிற'. ஸெஸில் இதை விடுவானா? நிலைமை மாறினால்? போப்பின் படை வந்து இறங்கினால் நீ யார் பக்கம்? இந்தக் கேள்விக்கு ராஜத்துரோகமும் இல்லாமல் சமயத்துரோகமும் இல்லாமல் பதில் கிடையாது. தன் உயிரை உறிஞ்சும் கேள்வி என்றான் காம்ப்பியன். 1581 டிசம்பர் 1-ல் டைபர்னில் தூக்கிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். அதே வருஷம் கோயிலுக்கு வராதவனுக்கு மாத அபராதம் 20 பவுனாயிற்று. பழைய 12 பென்ஸோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு. ஜன்னல் வெட்டவேண்டாம் என்றவர்கள் சுவரையே இடித்தார்கள். அவள் ஆட்சியில் இப்படிக் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 180-க்கு மேல். ஒருவரும் மதத்துக்காகச் சாகவில்லை, எல்லோரும் ராஜத்துரோகத்துக்காகத்தான் என்று 1583-ல் ஸெஸில் ஒரு பிரசுரம் எழுதினான்.

ராபர்ட் ஸௌத்வெல் கவிஞன். அவனுடைய ஒரு கவிதையைத் தான் எழுதியிருந்தால் தன்னுடைய பலவற்றை அழித்துவிடச் சம்மதம் என்று பென் ஜான்ஸன் பிற்பாடு சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1586-ல் நாட்டுக்குள் வந்து ஆறு வருஷம் ஒளிந்து வாழ்ந்தான். 1592-ல் பெல்லமி குடும்பத்தின் வீட்டில் பிடிபட்டான். காட்டிக்கொடுத்தவள் அந்த வீட்டு மகள் ஆன். அவள் அதற்குமுன் சிறையில் டாப்கிளிஃப் என்ற சித்திரவதைக்காரனின் பிடியில் சிக்கியிருந்தவள். பத்துத் தடவை சித்திரவதை செய்யப்பட்டதாக ஸௌத்வெல் கோர்ட்டில் சொன்னான். 1595 பிப்ரவரி 20-ல் விசாரணை. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் கோக்.

ஆன் பெல்லமி சாட்சி சொன்னாள்: வீட்டில் பாதிரி இருக்கிறாரா என்று சத்தியம் வாங்கிக் கேட்டால் இல்லை என்று சொல்லலாம், 'உங்களிடம் சொல்லும்படியாக இல்லை' என்ற மிச்சத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பாவமில்லை என்று இவர் கற்பித்தார். பாதி வாக்கியம் வாயில், மீதி நெஞ்சில். கோக்கும் நீதிபதிகளும் கொதித்தார்கள். இது அனுமதிக்கப்பட்டால் நீதியே இராது, நாங்கள் மனிதர்கள், தெய்வங்களல்ல, வெளியே வந்த சொல்லையும் செயலையும் வைத்துத்தானே தீர்ப்புச் சொல்லமுடியும் என்று தலைமை நீதிபதி பாப்ஹம் கேட்டார். நியாயமான கேள்வி. இதே நியாயத்தை 1559-ம் வருஷத்து ஜெபபுத்தகத்திடம் யாரும் கேட்கவில்லை.

ஸௌத்வெல் கோக்கிடம் ஒரு கதை போட்டான். பிரெஞ்சு ராஜா படையெடுத்து வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணி தப்பியோடி ஒரு வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். எதிரி உங்களைச் சத்தியம் செய்யச் சொல்கிறான். சத்தியம் செய்ய மறுத்தாலே அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். என்ன செய்வீர்கள்? கோக் அது வேறு, இது வேறு என்றார். டாப்கிளிஃப் கத்தினான்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது அதன் சாமர்த்தியம் மட்டும்தான் தெரிந்தது. பிறகுதான் ஒளிந்திருக்கும் ராணி என்பது கற்பனையல்ல என்று உறைத்தது. ஸௌத்வெல் இதை நினைத்தானா என்பதற்கு ஆதாரமில்லை; என் வாசிப்பு இது. 1554-ல் படகு காத்திருக்க ஒரு அறையில் உட்கார்ந்து, எதை எழுதுவது எதை விடுவது என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தவளும், மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக மண்டியிட்டுப் பூசை கண்டவளும் அவளேதான். அவளைக் காப்பாற்றிய அதே மொழியைத்தான் பாதிரி, வைக்கோலுக்குள்ளும் சுவருக்குள்ளும் பாதிரிகளை ஒளித்து வைத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். மறுநாள் அவனைத் தூக்கிலிட்டார்கள். உயிர் இருக்கும்போதே அறுத்து இறக்கக்கூடாது என்று கூட்டம் சத்தமிட்டது; பிரபு ஒருவரும் தடுத்தார். இறந்தபிறகே கூறுபோட்டார்கள்.

நான் இன்னும் இருண்மையின் பக்கம்தான். ஆனால் ஒரு கவிதையில் இரண்டு அர்த்தத்தைப் பார்க்கும்போது, இதில் தவறான அர்த்தத்தை வாசித்தால் யாருக்கு என்ன நடக்கும் என்று கேட்காமல் இருக்க இப்போது முடிவதில்லை. எங்கள் பத்திரிகைகளில் எதுவும் நடக்காது. அதனால்தான் எங்களால் அவ்வளவு சுலபமாகப் பேச முடிந்ததோ என்னவோ.

அவள் கடைசிவரை அடைக்காத வெற்றிடம் வாரிசு. அதைத் தீர்க்கச் சொல்லி 1593-ல் கிளம்பிய பார்லிமெண்டு உறுப்பினர் பீட்டர் வென்ட்வொர்த் டவரிலேயே 1597-ல் இறந்தார். 1603 மார்ச் 23-ல் ரிச்மண்ட் அரண்மனையில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. மந்திரிகள் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் என்று பெயர் சொன்னபோது கை தலைக்குப் போனது என்று ராபர்ட் கேரி எழுதி வைத்திருக்கிறான். தலை என்றால் கிரீடம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விடியுமுன் அவள் இறந்தாள். கேரி குதிரையேறினான். வழியில் விழுந்து, குதிரை தலையில் உதைத்து, ரத்தத்தோடு 26-ம் தேதி இரவு எடின்பரோ போய்ச் சேர்ந்தான். ஜேம்ஸ் படுத்துவிட்டிருந்தான். எழுப்பினார்கள்.